பந்து வராத பாதி

தம்பியின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவதுதான் கொஞ்ச காலம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. உதைபந்து விளையாடும் பையன்கள் எல்லாருக்கும் இப்போது போனில் ஒரு பேஜ் இருக்கிறது. தங்கள் ஆட்டத்தை வெட்டி ஒட்டி அதில் போடுவார்கள். மைதானம் நிறைய நிற்பவர்களில் இவன் யார் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் வட்டம். வட்டத்துக்குப் பிறகு ஒரு பாட்டு, பாட்டுக்கு நடுவே நெருப்புப் படங்கள், கடைசியில் கொழும்புக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பெயர்களெல்லாம் வரிசையாக வரும். பெரிய கல்லூரிகள் சில, சாதாரண தரம் முடித்தவர்கள் போகும் உயர்தர வகுப்புக்கு வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கும். தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும். அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவருடைய கண்ணாவது பட்டுவிடாதா என்பதற்காகத்தான் இவ்வளவு கூத்தும்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். வாப்பாவுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. நான் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை எடிட் பண்ணுகிறேன். மணப்பெண் படியிறங்குவதை மெதுவாக்குவது, மாப்பிள்ளையின் மாமா பல் குத்துவதை வெட்டி எறிவது, சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிப்பவர்களின் சத்தத்தைப் பாட்டுப் போட்டு மூடுவது எல்லாம் எனக்குக் கைவந்த கலை. அதனால்தான் தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அக்காவான என்னிடம் வந்து நின்றான்.

"ராத்தா, கலியாணத்துக்குச் செய்ற மாதிரி எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்க."

கலியாணத்துக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். அவன் கையுறை போடுவதை மணப்பெண் வளையல் போடுவது போல மெதுவாக்கினேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் சூரியன் மங்குவது போல ஒரு வெளிச்சமும் கொடுத்தேன். முதல் வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவன், "மாப்பிள்ள வீட்டுக்காரங்க எப்ப வாராங்க?" என்று எழுதியிருந்தான். தம்பி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டில் அவன் பேச்சு அவ்வளவுதான். ஆம் என்பதற்கு ஒரு ஓ, பிறகு இல்ல, பசிக்கல்ல. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பதினாறு வருசத்தை ஓட்டியவன்.

பேஜ் விசயத்தில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவனுக்குக் கஷ்டமே இல்லை. அடித்த கோலைப் போட்டால் போதும். என் தம்பியோ கோல்கீப்பர். கோல்கீப்பரின் பெருமை பந்து வந்தால்தான் தெரியும். எங்கள் ஊர்க் கழகத்தின் அணிக்குப் பந்தே வராது. காரணம் அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர். இடது பக்கம் காக்கிறவன் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். படிப்புக்காக இங்கே மாமா வீட்டில் தங்கியிருந்தான். நடுவில் நிற்கிறவன் குண்டசாலைப் பக்கத்துச் சிங்களப் பையன், அலுமாரி மாதிரி உடம்பு. இந்த இரண்டு பேரையும் தாண்டி ஒரு பந்து தம்பியிடம் வந்து சேர்வது அரசாங்கக் கந்தோரில் ஒரு கையெழுத்து வாங்குவதைப் போல. மைதானத்துக்குப் போய் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று படம் பிடித்தால், அவன் கம்பத்தில் சாய்ந்து நிற்பதும் கையுறையைக் கழற்றி மாட்டுவதும்தான் கிடைக்கும். அவற்றை எத்தனை தடவை மெதுவாக்குவது?

இதில் விளையாட்டில்லாத விசயம் ஒன்றும் இருந்தது. வாப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"உயர்தர கிளாஸ் தொடங்குறதுக்குள்ள கொழும்புல ஒரு எடம் கெடச்சா, அல்ஹம்துலில்லாஹ், போ மகன். நான் தடுக்க மாட்டேன். கெடைக்காட்டி இங்கயே கொமர்ஸ் படி, பின்னேரத்தில கடைக்கு வா. பந்த மறந்துரு. ரெண்டு தோணியில கால் வைக்க ஏலா."

வாப்பா கெட்டவர் அல்ல. தம்பி உட்காருவதற்கென்று பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரைகூடப் போட்டு வைத்திருந்தார், அதற்குக் குஷனும் தைக்கக் கொடுத்திருந்தார். அந்தக் கதிரையைக் கண்டதும் தம்பியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவனுக்குக் கடை பிடிக்காமல் இல்லை. பந்தை மறந்துவிடு என்ற சொல்தான் அவனுக்கு விழுங்க முடியாமல் இருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பேஜ் வேலையை நானும் ஒழுங்காக எடுத்துக்கொண்டேன்.

ஒழுங்காக என்றால் எப்படி? சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஏனென்றால் வீட்டில் மூன்று சொல்லோடு திரிகிற இந்தப் பிள்ளை, கோலுக்குள் போய் நின்றால் மீன்காரர் தோற்றார். இடது பக்கத்தவனுக்குத் தமிழில், நடுவில் நிற்பவனுக்குச் சிங்களத்தில், நடுவருக்கு இங்கிலீஷில், வாய் ஓயாமல் கத்துவான். "அடே தூங்குறியா, அவன் ஒனக்குப் பின்னால வந்துட்டான்" என்பான். அடுத்த மூச்சில் "வம, வம" என்று இடது பக்கத்தைக் காட்டுவான். பக்கத்தில் நின்று படம் பிடிக்கிற எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்? சாப்பாட்டு மேசைச் சண்டையை மூடுகிற மாதிரி அதையும் மூடிவிடுவேன்.

பரீட்சை முடிந்து சில வாரம் கழித்துப் பையன்கள் மாத்தளையிலிருந்து ஓர் அணியை வரச்சொல்லிச் சனிக்கிழமை ஒரு நட்புப் போட்டி வைத்தார்கள். பழைய அணி எல்லாரும் சேர்ந்து ஆடும் கடைசி ஆட்டம் அது. இடது பக்கத்தவன் ஊருக்குத் திரும்பப் போகிறான், நடுவில் நிற்பவனுக்குப் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. போட்டிக்கு முதல் நாள் தம்பி சமையலறைக்கு வந்து, உம்மா இல்லாத நேரம் பார்த்து என் காதில் ஒரு விசயம் சொன்னான்.

"ராத்தா, நாளைக்கு அவனுகளோட கதச்சு வச்சீக்கேன். மொத பாதியில கொஞ்சம் வர விடுவானுக. நான் பிடிப்பேன். நீங்க எல்லாத்தையும் எடுங்க."

எதிரணிக்காரர்களைத் தங்கள் காவலர்களே உள்ளே விடுவது, இவன் பாய்ந்து பிடிப்பது, நான் படம் எடுப்பது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என்பது இதுதான். ஆனால் அப்போது எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை இரண்டு தடவை வாசலுக்கு வரச்சொல்லிப் படம் பிடிப்பதில்லையா? ஸ்டூடியோவில் சொல்லிவிட்டுக் கமராவுக்கு வைக்கும் முக்காலியைக் கொண்டுவந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் அதை நிறுத்தி, போனைப் பூட்டி, தொடக்கம் முதல் ஓடவிட்டேன். ஒன்றும் தவறக்கூடாது என்பதற்காக நடுவில் நிறுத்தவே இல்லை.

தம்பி சொன்னதைப் போலவே நடந்தது. மாத்தளைப் பையன் ஒருவன் பந்தோடு வருவான். இடது பக்கத்தவன் அவனை மறிக்கப் போவான். இவன் கோலுக்குள் இருந்து, "விடுடா, வரட்டும்" என்பான். அவன் கால் தடுக்கியது போல ஒதுங்குவான். நடுவிலிருந்து வந்தால், "என்ட தீபங்" என்பான், அதாவது வர விடு. அலுமாரி விலகி வழி விடும். மாத்தளைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவர்களும் வந்து வந்து அடித்தார்கள். தம்பி இடப்பக்கம் பாய்ந்தான், வலப்பக்கம் பாய்ந்தான், ஒரு பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளினான். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் பிடித்தான். என் நெஞ்செல்லாம் குளிர்ந்து போயிருந்தது. நாலு பந்து பிடித்துவிட்டான், இனிப் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது பந்து அவன் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போய்விட்டது.

இடைவேளையில் இடது பக்கத்தவன் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்தான், ஆனால் குடிக்கவில்லை.

"ஒனக்கு வீடியோ கெடச்சிருச்சு. எங்க மாமா அங்க நிக்கிறாரு. நான் திரும்பத் திரும்ப ஏமாந்ததத்தான் அவரு பாத்தாரு. அவருகிட்ட போயி நான் என்னான்னு சொல்றது?"

 தம்பிக்கு அது தோன்றவே இல்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. எனக்கும் தோன்றியிருக்கவில்லை. கீப்பர் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டுமென்றால் முன்னால் நிற்பவன் மடையனாகத் தெரிய வேண்டும். சிங்களப் பையன் தன் காலுறையை மேலே இழுத்துவிட்டான். அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது பாதியில் தம்பி கத்திய கத்தலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பந்து எங்கோ அந்தப் பக்கம் இருக்கும்போதே இங்கே யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவனை இரண்டடி முன்னால் போகச் சொன்னான், இன்னொருவனைப் பின்னுக்கு இழுத்தான், வராத ஆளை வருகிறான் என்றான், அவன் சொன்ன பிறகுதான் அந்த ஆள் வந்தான். அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் அவன் சொல்லச் சொல்ல அசைந்தார்கள். ஒரு பந்துகூட அவனிடம் வரவில்லை. நானோ, ஐயோ, பற்றரி வீணாகப் போகிறதே என்று கடலை கொறித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் எங்கள் ஆட்கள் இரண்டு கோல் அடித்து வென்றும் விட்டார்கள். போனை முக்காலியிலிருந்து கழற்றும்போது நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: "ரெண்டாவது பாதியில ஒண்டுமே இல்ல."

மறுநாள் அந்த நாலு பந்தையும் எடுத்து, மெதுவாக்கி, வட்டம் போட்டு, பாட்டுப் போட்டுப் பேஜில் விட்டேன். அதற்கு முன் நாங்கள் போட்ட எதற்கும் இல்லாத வரவேற்பு அதற்கு. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து கை தட்டினார்கள். திங்கட்கிழமை நான் ஸ்டூடியோவில் வேலையை விட்டுவிட்டு லைக் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கை தட்டியவர்களுக்கு நடுவே வேறு சிலரும் இருந்தார்கள். "அந்த லெப்ட் பெக் யாரு, சாப்பிட்டுட்டு நித்திரையா?" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசை கட்டின. நான் மெதுவாக்கியதால் அவன் ஏமாறுவதும் மெதுவாகவே தெரிந்தது.

அன்று பின்னேரம் தம்பி போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"இத எடுத்துருங்க ராத்தா."

"பைத்தியமா ஒனக்கு? ஒன்ட பேஜுக்கே இவ்வளவு சனம் வந்தது இண்டைக்குத்தான்."

"அவன் என்னோட கதைக்கிறான் இல்ல."

நாங்கள் இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. நாங்கள் எப்போதும் கடைசியில் பெயர் போடும் பயிற்சியாளர்களில் ஒருவர், தம்பி எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்ட கல்லூரிக்காரர், இங்கிலீஷில் மூன்று வரி எழுதியிருந்தார். முழு ஆட்டத்தையும் அனுப்பு. வெட்டாதே. பாட்டுப் போடாதே.

தம்பி அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் முதலில் சந்தோசத்தில் அவன் தோளைத் தட்டினேன். பிறகுதான் எனக்கும் விளங்கியது. எங்களிடம் இருந்த முழு ஆட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் துண்டு துண்டாக எடுத்தது. அந்த ஒன்றிலோ, என் தம்பி தன் வாயாலேயே எதிரணியை உள்ளே விடச் சொல்லும் சத்தம் பளிச்சென்று கேட்கும், போனை அவன் முதுகுக்குப் பின்னால்தானே வைத்திருந்தேன். இன்னொரு ஆட்டம் வைக்கலாமென்றால் ஆட்களும் இல்லை. ஒருவன் பல்லேகலவில் வேலையில், மற்றவன் ஹுன்னஸ்கிரியவில், அதுவும் கோபித்துக்கொண்டு.

சத்தம் இல்லாமல் அனுப்பலாம் என்றேன். போனில் மைக் பழுது என்று சொல்லிவிடலாம். அல்லது முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் அனுப்பலாம்; ஆனால் அதில்தான் பிடிப்பதற்கு ஒரு பந்துகூட இல்லையே. சிங்களம் தெரிந்தாலும் அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாமலிருக்கக்கூடும் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். கலியாண வீட்டில் எவ்வளவோ மறைத்தவளுக்கு இது பெரிய வேலையா? 

சத்தத்தில் எது எது கேட்கிறது என்று பார்ப்போம் என்று ஆட்டத்தைக் கம்பியூட்டரில் போட்டேன். உம்மா பூண்டு உரித்துக்கொண்டு வந்து பின்னால் நின்றா. உம்மா ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. எங்கள் வீடியோக்களைப் பார்த்திருக்கிறா, பாட்டோடு.

"இது யார்ட சத்தம்?"

"ஒங்கட மகன்ட சத்தம்தான்."

உம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தா. முதல் பாதி முடிந்து இரண்டாவது பாதி ஓடியபோதும் எழுந்திருக்கவில்லை. பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவ, கொஞ்ச நேரத்தில் தம்பி கத்தினால் எந்தப் பக்கத்தவன் ஓடுவான் என்று விரலால் காட்டத் தொடங்கினா. நான் வெட்டி எறிய வைத்திருந்த அந்தப் பாதியை உம்மா மட்டும்தான் கண்ணை எடுக்காமல் பார்த்தா.

"ஊட்டில ஒரு சோறு கேக்கவே வாய் தொறக்காதவன். இங்க எவ்வளவு அழகாக் கதைக்கிறான். அந்தப் புள்ளைகளும் எவ்வளவு சொல் கேக்குது." உம்மா பூண்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "இதுக்கு ஏன் மகள் நீ பாட்டுப் போட்ட?"

 தம்பி எழுந்து வாசலுக்குப் போய் ஹுன்னஸ்கிரியவுக்குப் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான், நாங்களும் கேட்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

"மச்சான், முழு மேட்ச்சையும் கேக்கிறாங்க. அனுப்பினா எல்லாம் வெளங்கும். நான்தான் ஒன்ன விடச் சொன்னன் எண்டு. ஒனக்குச் சம்மதமா?"



"அப்ப நான் ஏமாறலன்னும் வெளங்கும்ல?"

"ஓ, வெளங்கும்."

"அப்ப அனுப்புடா. எனக்கு நல்லதுதான். ஒனக்குத்தான் வம்பு."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? முழு ஆட்டத்தையும் சத்தத்தோடு, பாட்டு இல்லாமல், வட்டம் இல்லாமல் அனுப்பினோம். நாலு பந்து பிடித்த வீடியோவைத் தம்பி தானே பேஜிலிருந்து எடுத்துவிட்டான். என் கைவேலை அப்படிப் போனதில் எனக்கு வயிறு எரிந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

பிறகு காத்திருந்தோம். பதில் ஒன்றும் வரவில்லை. தைத்த குஷன் வந்துவிட்டது. தம்பி இரண்டு மூன்று பின்னேரங்கள் கடைக்குப் போய் அதில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்தான். வாப்பா அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்தார், ரோல்ஸ் வாங்கிக்கொடுத்தார், வந்த வாடிக்கையாளருக்கெல்லாம் "மகன்" என்று காட்டினார். அவர் சந்தோசமாக இருந்தார். அதைப் பார்க்க எனக்கும் ஒரு பக்கம் நல்லதாகத்தான் இருந்தது. மறுபக்கம், அசர் தொழுதுவிட்டுத் துஆ கேட்கும்போது கொழும்பு என்ற சொல் தானாக வந்து விழுந்தது.

போன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். தெரியாத இலக்கம். தம்பி போனை என்னிடம் நீட்டினான், நான்தான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"தம்பி, நீர்தானே அந்தக் கோல்கீப்பர்?"

யாழ்ப்பாணத்துத் தமிழ். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாமலிருக்கும் என்று நான் போட்ட கணக்கு அந்த இடத்திலேயே மண்ணாய்ப் போனது. தம்பி "ஓ சேர்" என்றான்.

"முதல் பாதியில நாலு பந்து பிடிச்சீர். பாத்தனான். அந்த நாலையும் உள்ளுக்கு வர விட்டதும் நீர்தானே?"

"ஓ சேர்."

"எனக்குச் சிங்களமும் விளங்கும், மலையகத் தமிழும் விளங்கும். ஏன் விட்டனீர்?"

"வீடியோ எடுக்க சேர்."

வாப்பா என்னைப் பார்த்தார். இந்தக் கதை அவருக்குத் தெரியாது. நான் கூரையைப் பார்த்தேன்.

"ம். நேர சொன்னீர், அது நல்லம். இப்ப கேளும். ரெண்டாவது பாதியில உம்மட்ட ஒரு பந்தும் வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான். பந்து வர முந்தியே நீர் ஆக்களை நிப்பாட்டிப்போட்டீர். முதல் பாதி மாதிரிப் பிடிக்கிற பெடியள் என்னட்ட நிறையப் பேர் இருக்கிறாங்கள். எனக்கு ரெண்டாவது பாதிதான் வேணும். வாற கிழமை அப்பாவோட வாரும், வந்து ஒருக்கா நேரில விளையாடிக் காட்டும். எனக்கெண்டால் இப்பவே சரி."

தம்பி போனுக்குக் கிட்டக் குனிந்தான்.

"இன்னொரு விசயம். இஞ்ச வந்தாலும் அப்பிடித்தான் விளையாட வேணும். நல்லா விளையாடினீர் எண்டால் பேஜில போடுறதுக்கு உமக்கு ஒண்டும் கிடைக்காது. பரவாயில்லையோ?"

"பரவாயில்ல சேர்," என்றான் தம்பி. இந்தத் தடவை சத்தமாகவே சொன்னான். உம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தா.

போனை வைத்தோம். வாப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, பந்தே வராம சும்மா நிண்டதுக்கா கொழும்புக்குக் கூப்பிடுறாங்க? அத நம்மட கடையிலயே செஞ்சீப்பானே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே தம்பியின் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்தோம். நான் தாராளமாக அழுதேன். அந்தச் சந்தோசத்துக்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

தம்பி வாப்பாவிடமிருந்து மெல்ல விலகி வந்து, அதே இடத்தில் நின்றபடி ஹுன்னஸ்கிரியவுக்குப் போன் எடுத்தான். நேரில் ஒரு தடவை ஆடிக் காட்ட வேண்டும், ஆனால் பயிற்சியாளருக்குச் சம்மதம் என்று சொன்னான். எந்தப் பாதியைப் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள் என்று மறுமுனையில் அவன் கேட்டான்.

"ரெண்டாவது பாதிடா. பந்து வராத பாதி."

 அந்தப் பக்கம் கொழுந்து லொறி ஒன்று உறுமிக்கொண்டு போவது கேட்டது. அது போய் முடிந்ததும் அவன் சொன்னான்.

"பந்த வர விடாதது நாங்கடா."

"ஓ," என்றான் என் தம்பி. "நீங்கதான்."